மொய் எழுதினால் வாசகர் வருவாரா?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று ஈசிசேரில் சாய்ந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், நீங்கதானே மாயவரம் பத்தி பிளாக் எழுதறவங்க?"

"ஆமாம் தம்பி, சொல்லுங்க."

"உங்க பிளாக்குக்கு டிராஃபிக் ரொம்பக் கம்மியா இருக்கு சார். மாசம் அஞ்சாயிரம் குடுத்தீங்கன்னா இருநூறு பேக்லிங்க் போட்டுத் தர்றோம். மூணே மாசத்துல கூகுள்ல முதல் பக்கம்."

டிராஃபிக் என்றதும் எனக்கு மணிக்கூண்டும் பட்டமங்கலத் தெருவும்தான் ஞாபகத்துக்கு வந்தன. "எனக்கு இருக்கிற டிராஃபிக்கே போதும் தம்பி" என்றேன். பையன் விடவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க சார். உங்களை மாதிரி ரிட்டயர்ட் ஆனவங்க நிறைய பேர் நம்மகிட்ட சேர்ந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அந்தக் கடைசி வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பையன் பொய் சொல்லவில்லை. பென்ஷன் பணத்தில் ஒரு பகுதியை இப்படிக் கொடுப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும். அவர்களையும், அடுத்து அந்த போன் வரப்போகிறவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வாங்கும் லிங்க் ஒரு கள்ளக் கையெழுத்து. இதை நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், நானே ஒரு காலத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டவன்.

என் சர்வீஸ் முழுக்கக் கிளை நூலகத்தில் கழிந்தது உங்களுக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாடகைக் கட்டடம். நாளைக்குப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். ஆண்டு ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. வருகை குறைவாக இருந்தால் கிளையையே இறக்கிவிடுவார்களோ என்று பயம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் நாளுக்கு நாற்பது பேர் வீதம் நிரப்பினேன். மூன்று நிறப் பேனா. சில பெயர்களை இடது கையால்கூட எழுதினேன்.

அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரிகளைப் பார்த்தார். ஒரு விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்:

"தினம் நாற்பது பேர் வந்திருக்காங்க. ஒருத்தர்கூட ஒரு புத்தகத்தை இடம் மாத்தி வைக்கலையே, அது எப்படி?"

இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. வாசகன் வந்துபோன நூலகத்தில் அலமாரி கலைந்திருக்கும். நாவல் இருக்கும் இடத்தில் ஜோசியப் புத்தகம் நிற்கும். பக்கம் மடிந்திருக்கும். பதிவேட்டை ஏமாற்றலாம், அலமாரியை ஏமாற்ற முடியாது. அவர் என் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. "வர்ற பதினஞ்சு பேருக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது லிங்க் விஷயத்துக்கு வருகிறேன். லிங்க், பேக்லிங்க் என்றெல்லாம் பையன்கள் சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். அந்தக் காலத்து நூலகத்தில் மர இழுப்பறைகளில் அட்டைப் பட்டியல் வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? ஓர் அட்டையின் அடியில் "மேலும் காண்க" என்று இன்னொரு தலைப்பைக் குறித்திருப்போம். அதுதான் லிங்க். "இதைப் படித்தவர் அதையும் பார்த்தால் பயன் உண்டு" என்று தெரிந்தவன் ஒருவன் கைகாட்டி விடுவது. உங்கள் பக்கத்தை நோக்கி வேறொருவர் கைகாட்டினால் அது உங்களுக்குப் பேக்லிங்க்.

இதில் பெரிய மதிப்பு இருக்கிறது என்று அறிவியல் உலகத்துக்காரர்கள் முன்பே கண்டிருந்தார்கள். எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதை அட்டவணை போடலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955-ல் எழுதினார். 1964-ல் அதைப் பெரிய தொகுதிகளாகவே கொண்டுவந்தார். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் மேற்கோளை எண்ணும் இந்த வழியை வலைப்பக்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1998-ல் கூகுள் பிறந்தது அந்த வழியில்தான். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று மட்டும் அது பார்க்கவில்லை. சுட்டுகிறவர் யார், அவரை எத்தனை பேர் சுட்டுகிறார்கள், அவர் இன்னும் எத்தனை பேரைச் சுட்டியிருக்கிறார் என்றும் பார்த்தது. பெண் பார்க்கும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம்? பையனைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால் ஒரு மதிப்பு. எல்லாப் பையனையும் தங்கம் என்று சொல்லும் தரகர் சொன்னால் வேறு மதிப்பு.

எங்கே மதிப்பு இருக்கிறதோ அங்கே போலி வரும். லிங்க்குக்கு மதிப்பு என்று தெரிந்ததும் லிங்க் விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது. யாரும் படிக்காத நூற்றுக்கணக்கான குப்பைப் பக்கங்களை உருவாக்கி, காசு கொடுப்பவரின் பெயரை அவற்றில் தொங்கவிடுவது. அந்த போன் பையன் சொன்ன இருநூறு லிங்க்கும் அந்த ரகம்தான்.

சின்ன ஆட்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னி, பல பொருள்களுக்கு கூகுளில் முதல் இடத்தில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் கூகுள் அதைத் தேடல் வரிசையில் கீழே தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், 'பெங்குவின்' என்ற பெயரில் கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. போலி லிங்க்கால் மேலே ஏறியவர்கள் அதில் மொத்தமாகச் சரிந்தார்கள். இவ்வளவும் நடந்து இத்தனை வருஷம் ஆகியும் அதே பழைய சரக்கைப் பென்ஷன்தாரர்களிடம் போன் போட்டு விற்கிறார்கள் என்றால், நம்மை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

சரி, அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் பக்கமும் கோளாறு உண்டு. நான் 2009-ல் எழுத வந்தபோது தமிழ் வலைப்பூக்கள் நல்ல மும்முரமாக இருந்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் எங்கெங்கோ எழுதியவர்களை ஒரே முற்றத்தில் கூட்டி வைத்தன. அது பெரிய தொண்டு. அந்த முற்றத்தில் நாம் என்ன செய்தோம்? ஒருவர் பதிவில் இன்னொருவர் போய், படிக்காமலே "அருமை, தொடருங்கள்" என்று எழுதிவிட்டு வருவது. பதிலுக்கு அவர் இங்கே வந்து "சூப்பர்" என்று எழுதுவது. இதற்குப் பதிவர்களே வைத்த பெயர் 'மொய்'. யார் யாருக்கு எழுதினார்கள், யார் பாக்கி என்று மனதுக்குள் நோட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். நானும்தான். எழுதியவரின் மாமனார் இறந்த செய்திக்குக் கீழே "கலக்கல் பதிவு" என்று ஒருவர் மொய் வைத்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு வெட்கம் வந்தது.

கல்யாண வீட்டு மொய்யில் தப்பில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மொய் எழுதுகிறோம். இங்கே யாரும் இலையில் உட்காரவே இல்லை. கவர் மட்டும் கை மாறியது. இருநூறு லிங்க் வியாபாரம் அதே பழக்கத்தின் கடைசிப் படி, அவ்வளவுதான். அன்று ஓசியில் செய்ததை இன்று காசுக்குச் செய்கிறார்கள்.

இதில் என்ன நஷ்டம், ஐயாயிரம் போனால் போகட்டும் என்பவர்களுக்கு எங்கள் வாத்தியார் கதையைச் சொல்ல வேண்டும். அவர் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

வாத்தியாருக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி போன பிறகு, அந்த அம்மாள் கைப்பக்குவத்தை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். நோட்டுப் புத்தகத்தில் அம்மாள் கிறுக்கி வைத்திருந்த ஆழாக்கு, உழக்குக் கணக்கையெல்லாம் வைத்து, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, அரைத்துவிட்ட சாம்பார், ஆவக்காய் என்று வாரம் ஒன்று. குழம்போடு குழம்பாக அவர்கள் குடித்தனக் கதையும் வரும். தினம் அறுபது எழுபது பேர் படித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெண்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். வாத்தியார் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவார். அவர் நாளே அதில்தான் ஓடியது.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு பேக்கேஜில் சேர்ந்தார். மூன்று மாதத்துக்குப் பதினைந்தாயிரம். பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார்கள். முதல் மாதம் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. "தம்பி, பார்த்தியா" என்று என்னிடம் போனை நீட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் பின்னூட்டங்களைப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் "நைஸ் போஸ்ட்". ஒருவர்கூட வத்தல் எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு அந்த அதிகாரியின் விரலில் ஒட்டிய தூசி ஞாபகம் வந்தது. சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "தாத்தா, பாட்டி போட்டோவுக்குக் கீழ ரம்மி ஆடக் கூப்பிடறாங்க." திறந்து பார்த்தால், பழைய பதிவுகளுக்குள் அங்கங்கே வார்த்தைகளில் சூதாட்ட லிங்க்கைச் சொருகி வைத்திருந்தார்கள். அவர் காசு கொடுத்துப் பிறர் பக்கத்தில் லிங்க் வாங்கினார். அவர்களோ அவர் பக்கத்தை இன்னொருவனுக்கு விற்றுவிட்டார்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் செய்தியைப் படித்து நாமெல்லாம் பதறியிருக்கிறோம். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 2022-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சூதாட்டத்துக்கு அம்மாளின் அடுக்களை வழி காட்டிக்கொண்டிருந்தது.

பேத்தியும் நானும் உட்கார்ந்து எடுத்தோம். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தது. பிறர் பக்கங்களில் வாங்கி வைத்ததை நம்மால் அழிக்க முடியாது. "இந்தச் சுட்டிகளை என் கணக்கில் சேர்க்காதே" என்று கூகுளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க 2012 முதல் ஒரு வசதி இருக்கிறது. பேத்தி அதையும் செய்தாள். ஆனாலும் தேடி வருகிறவர்கள் முன்போல வருவதில்லை. வாத்தியார் அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒன்றும் எழுதவில்லை. பதினைந்தாயிரம் ரூபாயை விடுங்கள். அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

"அப்படியானால் எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். மூன்றாவது விதி நூலகரைச் சும்மா உட்கார விடாது. புத்தகத்துக்கு உரிய ஆளைத் தேடிச் சேர்ப்பது நூலகரின் வேலை. ஆனால் 'அதன் வாசகர்' என்றார். ஆயிரம் பேர் என்று சொல்லவில்லை.

அதன் வாசகர் எப்படி வருவார் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் சில வருஷங்களில் நான் எழுதாத விஷயம் கிடையாது. பட்ஜெட், கிரிக்கெட், சர்க்கரை வியாதி, சனிப்பெயர்ச்சி, ஆஸ்கர் விருது. முந்நூறு பதிவு தேறும். பட்ஜெட்டைப் பற்றிப் பேப்பரில் பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்க, என் பதிவை எவர் தேடி வருவார்? ஒருநாள் பேச்சுவாக்கில், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலைப் பற்றி எழுதினேன். 1926-ல் ஓட ஆரம்பித்து எண்பதுகளில் நிறுத்தப்பட்ட மீட்டர்கேஜ் வண்டி. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று போகும். சின்ன வயதில் அதில் போய்க் கடல் பார்த்த கதை.

அந்தப் பதிவுக்கு அன்றைக்குப் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. பத்துப் பேர் படித்தார்கள். ஆனால் மறுநாளும் இரண்டு பேர் வந்தார்கள். போன வாரமும் வந்தார்கள். ரயில் ஆர்வலர் ஒருவர் தன் பக்கத்தில், "இந்தத் தடத்தைப் பற்றி நேரில் பார்த்தவர் எழுதியது" என்று குறித்து லிங்க் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு லிங்க் வழியாக வந்தவர்கள் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கல்லூரி மாணவி ஆய்வுக்குத் தகவல் கேட்டு எழுதினாள். அப்பா அந்தத் தடத்தில் வேலை பார்த்தவர் என்று ஒருவர் கனடாவிலிருந்து பழைய போட்டோ அனுப்பினார். ஒன்று பதினாலாயிற்று. இன்றைக்கு என் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பதினாலு பதிவுக்குத்தான் வருகிறார்கள். மீதி முந்நூறும் சேர்ந்து மறுபாதி!

ஆகவே, எழுதுகிற நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்து, பிறருக்குத் தெரியாதது ஒன்று கட்டாயம் இருக்கும். முப்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவருக்குப் புயல் ராத்திரிகள் தெரியும். தறி ஓட்டியவருக்குப் பாவு தெரியும். அதை விட்டுவிட்டு உலக அரசியலை எழுதி உலகம் பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

பிறரைத் தாராளமாகச் சுட்டுங்கள். படித்துப் பயன்பட்ட பக்கத்தை, ஏன் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதிச் சுட்டுங்கள். பதிலுக்கு எதிர்பார்க்காதீர்கள். அதே விஷயத்தை எழுதுகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீங்கள் சொல்வதில் அவருக்குப் புதிதாக ஒன்று இருந்தால் அவரே சுட்டுவார். நிஜமாகச் சம்பந்தமுள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் சுட்டுவதில் ஒரு தப்பும் இல்லை.

உங்கள் பழைய பதிவுகளை நீங்களே கோத்து வையுங்கள். ஒன்றின் அடியில் "மேலும் காண்க" என்று இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரு பொருளடக்கப் பக்கம். "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து" என்பது ரங்கநாதனின் நான்காவது விதி.

விளம்பரம் செய்யத்தான் வேண்டும் என்றால், விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட்டுச் செய்யுங்கள். காசுக்கு வைக்கும் லிங்க்கை அப்படி அடையாளம் காட்டினால் கூகுளும் தடை சொல்வதில்லை. சிபாரிசு மாதிரி வேஷம் போடுவதுதான் குற்றம். பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டுச் சாவியை யாராவது போனில் கேட்டால் கொடுப்போமா?

வாத்தியார் போன மாதம் மறுபடி ஆரம்பித்துவிட்டார். முதல் பதிவு மாங்காய்த் தொக்கு. படித்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒரு பெண், "மாமா, பெருங்காயத்தை எப்போது போடுவது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறாள். "பாருப்பா, மறந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினார்.

எனக்கும் நேற்று ஒரு பின்னூட்டம் வந்தது. செம்பனார்கோவில்காரர். "நீங்கள் எழுதியிருக்கும் ரயில்வே கேட் அந்த இடத்தில் இல்லை, இன்னும் கிழக்கே தள்ளி இருந்தது. என் பெரியப்பாதான் கேட்கீப்பர்" என்று எழுதியிருக்கிறார். திருத்திவிட்டேன். யாரோ ஒருவர் என் அலமாரியில் புத்தகத்தை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன் பையன் மறுபடி கூப்பிட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறேன். உங்களைக் கூப்பிட்டாலும் அதையே சொல்லுங்கள்: "தம்பி, அந்த இருநூறு பேர்ல ஒருத்தராவது தப்பு கண்டுபிடிச்சுச் சொல்வாங்களா?"